காருக்குள் தண்ணீர்த் திருடன்! சொட்டுக்கூடத் தெரியாது, என்ஜினே போய்விடும்!

தவளக்குப்பம்,-

காலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் குறைந்திருக்கிறது. மறுபடி ஊற்றுகிறார்கள். மறுபடி குறைகிறது. வண்டிக்குக் கீழே ஈரம் இல்லை. குழாய் எதுவும் கிழியவில்லை.

தண்ணீர் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. வைத்தியத்துக்குப் பிடிபடாத காய்ச்சல் மாதிரி, மெக்கானிக்குகளுக்கும் சட்டென்று பிடிபடாத வியாதி இது.

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் ரோட்டில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் வருவது தவளக்குப்பம். கிழக்கே நல்லவாடு. அதற்கு அப்பால் கடல். உப்புக் காற்று வீசும் ஊர். உப்புக் காற்று பட்டால் இரும்பு கிளாம்ப் துரு ஏறும். துரு ஏறிய கிளாம்ப் பிடி தளரும். பிடி தளர்ந்தால் ஒழுகல் ஆரம்பம்!

தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடும் மாருதிகளும் அம்பாசடர்களும் இன்றும் உண்டு. மாருதி 800 வண்டி 1983 டிசம்பரில் வந்தது. 2014-ம் ஆண்டு ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதே 2014-ல் மே மாதம் அம்பாசடரும் நின்றுபோனது. அதாவது, இந்த வண்டிகளில் கடைசியாகப் பிறந்ததற்கே வயசாகிவிட்டது. ரப்பர் காய்ந்துவிட்டது. ஈயப் பற்று விட்டுவிட்டது.

“தண்ணிதானே!”

“தண்ணிதானே குறையுது, பெட்ரோலா குறையுது? ஊத்திக்கிட்டே ஓட்டலாம் தம்பி!”

வண்டிக்காரர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார்.

“ஊத்திக்கிட்டே ஓட்டலாம் சார். ஆனா ஒரு நாள் ஊத்த மறந்துடுவீங்க. அன்னிக்குத்தான் ஜிப்மருக்குப் போவீங்க!”

அந்த ‘ஒரு நாள்’தான் ஆபத்து. தவளக்குப்பத்தில் இருந்து கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், ஊரின் தெற்கில் இருந்து வடக்கே டவுனைத் தாண்டியாக வேண்டும். முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று வழி நெடுகக் கூட்டம். வண்டி ஊர்ந்து போகும். ஊர்ந்து போகிற வண்டிக்கு முன்பக்கக் காற்று கிடைக்காது. மின்விசிறி மட்டும்தான் கதி. தண்ணீர் குறைந்த வண்டி அங்கேதான் காலை வாரும். பின்சீட்டில் நோயாளி படுத்திருப்பார்!

உள்ளே எரியும் உலை

என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது, எரியும் வாயுவின் சூடு 2 ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அந்த அறைக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு ஏன் உருகவில்லை? சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால்தான்.

எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் ஒரு பங்குச் சூட்டைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போய் காற்றில் கொட்டுகிறது.

இந்தத் தலைவலி காரோடு கூடவே பிறந்தது. 1888-ம் ஆண்டு ஆகஸ்டில், காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கூட இரண்டு மகன்கள். ஜெர்மனியில் மான்ஹைமில் இருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டினார். உலகில் காரில் போன முதல் நெடும்பயணம் அது. அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியில் தண்ணீர் கிடைத்த இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார் அந்த அம்மாள்! பிறகு வில்ஹெல்ம் மேபாக் என்ற என்ஜினீயர் தேன்கூடு மாதிரி ரேடியேட்டர் செய்து, 1900-1901ல் மெர்சிடீஸ் காரில் வைத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றும் வேலை குறைந்தது.

தண்ணீரே வேண்டாம் என்று கார் செய்தவர்களும் உண்டு. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், 1948-ல் சிட்ரோவன் கம்பெனி ‘2 சிவி’ என்று ஒரு கார் விட்டது. காற்றிலேயே ஆறும் என்ஜின். ரேடியேட்டர் கிடையாது. ஒழுக ஒன்றுமே இல்லை! பழைய புல்லட் மோட்டார் சைக்கிளும் அதே ஜாதிதான். ஆனால் அம்பாசடருக்கும் மாருதிக்கும் தண்ணீர்தான் உயிர்.

குக்கர் மூடி ரகசியம்

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தத்தில் மூடி வைத்தால் சுமார் 119 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அதனால்தான் சித்திரை வெயிலிலும் வண்டி ஓடுகிறது.

ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் ஆவியாகி இன்னும் குறையும். சின்ன ஒழுகல் பெரிய ஒழுகலுக்கு வழி திறந்துவிடும்.

ஈரம் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். என்ஜின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். கசிந்த துளி சூடான இரும்பில் பட்டு, தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி ‘சுர்’ என்று போய்விடும். வண்டி நின்று ஆறியதும் கசிவும் நின்றுவிடும். தரையில் எங்கே ஈரம் இருக்கும்?

சில வண்டிகளில் நேர் எதிர். ஆறியபோது ரப்பர் குழாயும் கிளாம்பும் சுருங்கிக் கசியும். சூடானால் விரிந்து அடைத்துக்கொள்ளும். இப்படி ஆள் மாறாட்டம் செய்வதால்தான் திருடன் பிடிபடுவதில்லை!

முதலில் இது திருட்டுதானா?

பிடிக்கப் போகும் முன், உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய அம்பாசடர்களில் ரிசர்வ் பாட்டில் இல்லாத வண்டிகள் உண்டு. கழுத்து வரை தண்ணீர் ஊற்றினால், சூட்டில் விரிந்து, வழியும் குழாய் வழியாக ரோட்டில் கொட்டிவிடும். மறுநாள் ஒன்றிரண்டு விரற்கடை குறைந்து காணும். “ஐயோ ஒழுகுது!” என்று மறுபடி கழுத்து வரை ஊற்றுவார்கள். அது மறுபடி கொட்டும். ஊற்றாமல் விட்டுப் பார்த்தால் அதே அளவில் நிற்கும். அளவு ஓரிடத்தில் நின்றால் ஒழுகல் இல்லை. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் ஒழுகல்.

மாருதி மாதிரி பாட்டில் உள்ள வண்டியில் வேறு ஒரு சூது. பாட்டில் நிறைந்திருக்கும். ரேடியேட்டர் குறைந்திருக்கும்! சூடானபோது பாட்டிலுக்குப் போன தண்ணீர், ஆறியதும் மூடியில் உள்ள சின்ன வால்வு வழியாகத் திரும்பி வர வேண்டும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டாலோ, பாட்டில் குழாயில் கீறல் இருந்தாலோ தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். பாட்டிலைப் பார்த்தே “தண்ணி ஃபுல்லா இருக்கு” என்று நம்பி ஓட்டியவர்கள் பலர், நடு ரோட்டில் நின்றிருக்கிறார்கள்.

ஏ.சி. போட்ட வண்டியின் கீழே தண்ணீர் சொட்டினாலும் பயப்பட வேண்டாம். அது சுத்தமான தண்ணீர். நிறம், வாசனை இருக்காது. கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நீலமோ இருக்கும். விரலில் தொட்டால் வழவழப்பு. லேசான இனிப்பு வாசனை. நாக்கில் மட்டும் வைக்கவே கூடாது. அது விஷம்!

துப்பறியும் முறை

மெக்கானிக்குகள் துப்பறியும் முறை வருமாறு:-

முதல் வேலை கணக்கு. காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது, சமதரையில், ஒரே இடத்தில் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். பாட்டிலில் பேனாவால் கோடு போட வேண்டும். தேதி, கிலோ மீட்டர், எவ்வளவு ஊற்றியது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஓடினால் குறைகிறதா? நின்றாலும் குறைகிறதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதித் துப்பு கிடைத்தது. நின்றபோது குறைந்தால் குழாய், கிளாம்ப் மீது சந்தேகம். ஓடும்போது மட்டும் குறைந்தால் மூடி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர், கேஸ்கெட் மீது சந்தேகம்.

இரண்டாவது, ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையோ பழைய பேப்பரோ விரிக்க வேண்டும். முன்பக்கம் கறை விழுந்தால் ரேடியேட்டர். பெல்ட் ஓடும் பக்கம் விழுந்தால் வாட்டர் பம்ப். பின்பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே விழுந்தால் ஹீட்டர் குழாய்.

மூன்றாவது, காய்ந்த தடம். தண்ணீர் ஆவியாகிப் போகும். ஆனால் அதில் இருந்த உப்பும் நிறமும் போகாது. வெள்ளையாகவோ, பச்சையாகவோ, துரு நிறத்திலோ கோலம் போட்ட மாதிரி படிந்திருக்கும். டார்ச் அடித்துத் தேட வேண்டும். குழாய் சேரும் இடம், தெர்மாஸ்டாட் மூடி, ரேடியேட்டரின் மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் சேரும் ஓரம், எல்லாம் பார்க்க வேண்டும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது ஓட்டை இல்லை. வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துவாரத்தில் கண்ணீர் விடும். அங்கே தடம் கண்டால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தம். விவரம் தெரியாதவர்கள் அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். பிறகு தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பம்பே பிடித்துக்கொள்ளும்.

என்ஜின் உடம்பில் பக்கவாட்டில் வட்டமான தகர மூடிகள் பதித்திருக்கும். வெல்ச் பிளக் என்பார்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசி ஓட்டை விழும். சில மூடிகள் மற்ற பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணாடி காட்டித்தான் பார்க்க முடியும்.

காற்று அடித்தால் குட்டு வெளிப்படும்

இத்தனைக்கும் அகப்படவில்லையா? இருக்கிறது அழுத்தச் சோதனை!

ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அளவு முள் வைத்த கைப்பம்பைப் பொருத்துவார்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரைதான் அடிப்பார்கள். அதற்கு மேல் அடித்தால் நல்ல ரேடியேட்டரும் பிளந்துவிடும். கால் மணி நேரம் காத்திருப்பார்கள். முள் அசையாமல் நின்றால் வண்டி யோக்கியம். முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. என்ஜின் ஓடாததால் சூடு இல்லை, ஆவி இல்லை. துளி துளியாக வெளியே வந்து மாட்டிக்கொள்ளும்!

அதே பம்பில் மூடியையும் மாட்டிப் பார்க்கலாம். பல வண்டிகளில் குற்றவாளி அந்த மூடிதான். ரேடியேட்டரை மாற்றி, பம்பை மாற்றி, பணத்தைக் கொட்டிய பிறகு மூடியைப் பார்ப்பவர்கள் உண்டு. மூடியில் இருந்து ஆரம்பித்திருந்தால் அவ்வளவும் மிச்சம்.

ரேடியேட்டர் மேல் சந்தேகம் என்றால் கழற்றிக்கொண்டு போய், வாயை அடைத்து, காற்று விட்டு, தொட்டித் தண்ணீரில் முக்குவார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். குமிழி வரும் இடம் ஓட்டை. பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் விரிசல் விட்டால் ஒட்டு நிற்காது. மாற்ற வேண்டியதுதான்.

வீட்டுக்குள்ளேயே திருடன்!

பம்பு முள் இறங்குகிறது. வெளியே ஒரு துளிகூட இல்லை. அப்படியென்றால்?

திருடன் உள்ளேயே இருக்கிறான்!

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருப்பது ஹெட் கேஸ்கெட். அது கீறினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிப் புகையோடு வெளியேறும். அறிகுறிகள் இவை:-

சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் சிறிது நேரம் உதறும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் குழாய் கல் மாதிரி விறைக்கும். ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வரும். பிளக்கைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

எண்ணெய் ஊற்றும் மூடியில் பால் காபி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவுக்கே ஓடும் வண்டியில், உள்ளே வியர்த்தும் மூடியில் மட்டும் அப்படிப் படியும். அளவுக் கம்பியிலும் அதே நிறம் கண்டால்தான் வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கே வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். என்ஜின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றாமலே உண்மை தெரிந்துவிடும். “ஹெட்டை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும் சார்” என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையை முதலில் கேட்டு வாங்குவது பர்சுக்கு நல்லது.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினுக்குத் தலையும் இரும்பு, உடம்பும் இரும்பு. கொஞ்சம் சூடு தாங்கும். மாருதி 800க்குத் தலை அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும். கிளாம்ப் மாற்றினால் சில்லறையோடு போகும். தலை வளைந்தால் சம்பளமே போகும்!

மஞ்சள் தூள் வைத்தியம்

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது லாரி டிரைவர்களின் பழைய கைவைத்தியம். தூள் ஊறி ஓட்டையில் போய் அடைக்கும். வழியில் சிக்கியவர் ஷெட் போய்ச் சேர அது உதவலாம். ஆனால் தூளுக்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். கடையில் விற்கும் ஒழுகல் அடைக்கும் மருந்துகளும் அப்படியே.

போர் தண்ணீர் ஊற்றுவதும் மெல்லக் கொல்லும் விஷம். உப்புத் தண்ணீர் காய்ந்த குடத்தில் வெள்ளை ஏடு படிவதைப் பார்க்கலாம். அதே ஏடு என்ஜினுக்குள்ளும் படியும். இரும்பு, செம்பு, அலுமினியம் மூன்றும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து இருந்தால் அரிப்பு வேகமாகும்.

“இங்க என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?” என்பார்கள். கூலன்டின் வேலை பனியைத் தடுப்பது மட்டும் இல்லை. துருவைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது. கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும். டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுவது வழக்கம். புத்தகத்தில் சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும்.

முள் இறங்கினால் சந்தோஷப்படாதே!

டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறினால் எல்லாரும் பயப்படுவார்கள். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் “அப்பாடா!” என்பார்கள். அதுதான் பேராபத்து!

சூட்டை அளக்கும் கருவி தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். தண்ணீர் அடியோடு போய்விட்டால் கருவி வெறும் காற்றில் நிற்கும். என்ஜின் பழுத்துக்கொண்டிருக்கும். முள்ளோ பச்சைப் பிள்ளை மாதிரி கீழே படுத்திருக்கும். முள் ஏறி இறங்கினால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்கக் கூடாது. ஓரம் கட்டி ஆஃப் செய்ய வேண்டும்.

அடுத்தது மூடி. சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் கொதித்துச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். துணி போட்டுத் திறந்தாலும் அதே கதிதான். அரை மணியோ முக்கால் மணியோ பொறுத்து, மேல் குழாயைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகே திறக்க வேண்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும்.

இறக்கிய பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டுவதும் தவறு. அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். சின்னப் பிள்ளைகளும் விவரம் தெரியாமல் வாயில் வைக்கும். உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தை அழித்து உயிரைக் குடிக்கும். மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம்.

இவ்வளவுக்கும் தேவையான முதல் செலவு என்ன? ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பழைய அட்டை. காலையில் சாவி போடும் முன் 2 நிமிடம். புது மூடி வேண்டுமானால் அதற்கும் பெரிய தொகை ஆகாது.

“கேஸ்கெட் மாத்துற காசுல நூறு மூடி வாங்கலாம் சார்!” என்பார்கள் ஷெட்டுக்காரர்கள்.

தண்ணீர் குறைகிற கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிற்கிற இடத்தை அதுதான் முடிவு செய்யும்!